பச்சைக் குழந்தையின் துணியில் அந்துருண்டை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று எடுத்து வைக்கும் பழைய வேட்டி, சேலைத் துணிகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டை போட்டு மூட்டை கட்டி வைக்கலாம் என்று சென்ற இதழின் வீட்டுக் குறிப்புப் பக்கத்தில் வந்திருந்தது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். படித்ததும் பதறிவிட்டேன். தயவுசெய்து அந்தக் குறிப்பைத் திரும்பப் பெறுங்கள். சில குழந்தைகளுக்கு அது உயிருக்கே உலை வைத்துவிடும்.

அந்தச் சில குழந்தைகள் ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்கள். உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் இது அபூர்வம் இல்லை. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் குழந்தைகளிடம் அதிகம். பெரும்பாலும் அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, அதனால் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த நொதி காப்பது ரத்தச் சிவப்பணுவை. ஆக்சிஜனைச் சுமப்பதுதான் அதன் வேலை. அதற்கு ஆபத்தும் அந்த ஆக்சிஜனாலேயே வருகிறது. ஹீமோகுளோபினிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு விலகும் ஆக்சிஜன், சூப்பர்ஆக்சைடாகி, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. நல்ல உடம்பிலும் இது ஓயாமல் நடக்கிறது. குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு தன் எலக்ட்ரானைக் கொடுத்து அந்தப் பெராக்சைடைத் தண்ணீராக்கிவிடும். கொடுத்துத் தீர்ந்த குளூட்டாதயோனுக்கு மறுபடி எலக்ட்ரான் ஊட்ட என்ஏடிபிஎச் என்ற இன்னொரு மூலக்கூறு வேண்டும். உடலின் மற்ற உயிரணுக்களுக்கு அதைத் தயாரிக்கப் பல வழிகள் உண்டு. உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லாத சிவப்பணுவுக்கு ஒரே வழிதான், அதன் முதல் படியே ஜி6பிடி. அது குறைந்திருந்தாலும் சாதாரண நாட்களில் சமாளித்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிட்டால்தான் தாங்காது.

அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் அப்படிப்பட்ட பொருள். மூச்சோடும் போகும், தோல் வழியாகவும் இறங்கும். எண்ணெயில் நன்றாகக் கரையும் என்பதால், எண்ணெய் தேய்த்த குழந்தையை அந்தத் துணியில் சுற்றுவது இன்னும் மோசம். உடலுக்குள் அது நாப்தால், குவினோன் என்னும் வேதிப்பொருள்களாக மாறி, எலக்ட்ரானை வாங்குவதும் ஆக்சிஜனுக்குக் கொடுப்பதுமாகச் சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பெராக்சைடு கூடுகிறது. குளூட்டாதயோன் தீர்ந்ததும் ஹீமோகுளோபின் திரிந்து கட்டிகளாகி அணுவின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஹைன்ஸ் துணுக்குகள் என்பது இவைதான். மண்ணீரல் அவற்றைப் பிய்த்து எடுக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரம் கடித்த பிஸ்கட்டாகச் சிவப்பணுக்கள் கிடக்கும். பிறகு அவை உடைந்தே போகும்.

பெரியவர்களுக்குச் சோகையும் காமாலையும் வரும். பிறந்த குழந்தைக்கு வருவது அதைவிடக் கொடியது. உடைந்த அணுக்களிலிருந்து குவியும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்காது. அளவு எகிறினால் அது மூளைக்குள் படிந்துவிடும். காது கேளாமை, கைகால் முறுக்கிக்கொள்ளும் மூளைவாதம், மரணம் வரை போகலாம்.

ஓர் ஆண் குழந்தையை என்னால் மறக்க முடியவில்லை. முகத்தில் தொடங்கிய மஞ்சள் உள்ளங்கால் வரை இறங்கிய பிறகு கொண்டுவந்தார்கள். சிறுநீர் பட்ட துணியில் கறுப்பேறிய சிவப்புக் கறை. சுற்றியிருந்த வெள்ளை வேட்டித் துண்டை அவிழ்த்தபோதே அந்துருண்டை வாடை குப்பென்று அடித்தது. "பேரனுக்குன்னு பத்திரமா டிரங்குப் பெட்டியில வச்சிருந்தேம்மா" என்றார் பாட்டி. காமாலைக்கு வைக்கும் நீல விளக்கு போதாமல், தொப்புள் நரம்பு வழியாக ரத்தத்தையே மாற்ற வேண்டியிருந்தது. பிள்ளை பிழைத்தது. அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இது நேற்று கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறையில் மலேரியா மருந்தான பிரைமாகுயினைக் கைதிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது சிலருக்கு மட்டும் ரத்த அணுக்கள் உடைந்தன. காரணம் இந்த நொதிக் குறைவுதான் என்று 1956-இல் அறிவித்தார்கள். டாப்சோன், நைட்ரோஃபுரான்டாயின் போன்ற மருந்துகளும் இந்த நொதி குறைந்தவர்களுக்கு ஆகாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று பெயர் வாங்கிய வைட்டமின் சி-யும்கூட, பெரிய அளவில் நரம்பு வழியே ஏற்றினால் இவர்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். கேரள அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பரிசோதனையிலும் ஜி6பிடி இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் எந்த ஊர் அரசு மருத்துவமனையில் பிறந்தாலும் இந்தச் சோதனை கட்டாயம் கிடைக்க வேண்டும். குறைபாடு தெரிந்தால், ஆகாத மருந்துகளைத் தமிழில் அச்சிட்ட அட்டை ஒன்றை அம்மா கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காமாலை உச்சத்தில் இருக்கும்போது எடுத்த சோதனையில் நொதி சரியாக இருப்பதாக வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். நொதி குறைந்த பழைய அணுக்கள் உடைந்துபோய், நொதி சற்று அதிகமுள்ள இளம் அணுக்களே அப்போது மிஞ்சியிருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தைத் துணிக்கு அந்துருண்டை தேவையே இல்லை. துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, சுத்தமான பையில் கட்டி வைத்தாலே போதும். ஏற்கெனவே அந்துருண்டையோடு இருந்த துணியைப் பச்சைக் குழந்தைக்கு எடுக்கவே வேண்டாம். அடுத்த இதழில், அதே வீட்டுக் குறிப்புப் பக்கத்தில், கண்ணில் படும்படி இந்தத் திருத்தத்தை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்