நிழல் அளக்க ஒரு கம்பு

வான்டா, பின்லாந்து
பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். அம்மைக்கு முட்டுவலி குறைந்திருக்கிறதா? அத்தான் சபரிமலைக்குப் போய்விட்டு வந்த போட்டோ பார்த்தேன், ஆள் மெலிந்துபோனார்.

போனில் பேச உட்கார்ந்தால் உன் பக்கம் குக்கர் விசில் அடிக்கும், என் பக்கம் பஸ் வந்துவிடும். இது கொஞ்சம் நீளமான சங்கதி, கூடவே உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளால் ஒரு காரியமும் ஆக வேண்டியிருக்கிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

வெளியே மைனஸ் 16 டிகிரி. முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. அங்கே இருக்கிற பாட்டிமார் என் பின்னிஷைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், ஊசி போடும்போதுகூட விடுவதில்லை. நாளையிலிருந்து குட்டனுக்கு ஒரு வாரம் பனிச்சறுக்கு விடுமுறை. ஆமாம், பனியில் சறுக்குவதற்கென்றே ஒரு லீவு.

அவன் இரண்டாம் வகுப்பு. எட்டு வயதில் இரண்டாம் வகுப்பா என்று அம்மை கேட்டாள் அல்லவா, இங்கே ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பே. முக்கால் மணி நேரம் பாடம், கால் மணி நேரம் வெளியே விளையாட்டு, பனி கொட்டினாலும் சரி. செருப்பைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு வகுப்பில் உட்காருகிறார்கள். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இன்னும் வாய் வரவில்லை, நான் 'டீச்சர்' என்றே சொல்லிச் சமாளிக்கிறேன். ஆணும் பெண்ணும் தையலும் படிக்கணும், மரவேலையும் படிக்கணும். குட்டன் ரம்பத்தால் அறுத்து ஒரு பறவைக்கூடு செய்துகொண்டு வந்தான். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. டீச்சர் அதை நிமிர்த்திக் கொடுக்கவில்லை. பறவை வருகிறதா என்று பார் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் இங்கே மத்தியானம்கூட சூரியன் தரையை ஒட்டித்தான் நகரும். நிழல் நீண்டுகொண்டே போகும். வகுப்பில் நிழலைப் பற்றிப் பேச்சு வந்தபோது இவன் எழுந்து, "எங்க பாட்டி ஊர்ல மத்தியானம் என் நிழல் தொலஞ்சு போச்சு" என்று சொல்லியிருக்கிறான். இரண்டு வருடம் முன்னே ஏப்ரலில் நாங்கள் வந்திருந்தோமே, முற்றத்தில் நின்று காலுக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தான், நினைவிருக்கிறதா? பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பொய் என்றார்கள்.

டீச்சர் பொய் என்றும் சொல்லவில்லை, மெய் என்றும் சொல்லவில்லை. "எனக்கும் சரியாகத் தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று வகுப்பையே கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். பெற்றோர் கூட்டத்தில் கேட்டே விட்டேன். நாகர்கோவிலில் எந்த மாதம் எவ்வளவு நிழல் விழும் என்று நிஜமாகவே தெரியாதாம், சிரித்துக்கொண்டே சொன்னார்.

முதலில் தங்கள் ஊர் நிழலையாவது அளப்போம் என்று முடிவு செய்தார்கள். மேகம் விலக ஒரு வாரம் காத்திருந்து, ஒரு மீட்டர் கம்பைத் திடலில் நட்டார்கள். நிழல் ஒன்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நுனி மங்கலாக இருந்ததால் எங்கே முடிகிறது என்று ஒரே சண்டையாம். அந்தச் சண்டையையும் அப்படியே நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு நம்ம ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. அப்பா விடியுமுன் பால் வெட்டப் போகும்போது டார்ச் பிடித்துக்கொண்டு நான் பின்னாலே போவேன். இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து ஏன் சரிவாகவே வெட்டுகிறார்கள் என்று வகுப்பில் கேட்டதற்கு, பாடத்தில் இல்லாததைக் கேட்கிறாயே அதிகப்பிரசங்கி என்று பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினார்கள். நீ ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வீட்டில் சொல்லாமல் இருந்தாய், அதற்கு இன்றும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன். "அப்படி வெட்டுனாத்தான் மக்களே பால் கூடும். வேணும்னா ஒண்ணை மாத்தி வெட்டிப் பாப்போம்" என்றார். ஒரு மரத்தில் எதிர்ச்சரிவாக வெட்டி, பக்கத்து மரத்துச் சிரட்டையோடு மூன்று நாள் ஒப்பிட்டுப் பார்த்தோம். அப்பா சொன்னதுதான் சரி. பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகின்றன, அப்பா வெட்டுகிற சரிவு அதற்குக் குறுக்கே போவதால் அதிகக் குழாய்கள் அறுபடும். அந்தக் காரணத்தை நான் கல்லூரிக்குப் போனபிறகுதான் படித்தேன். சிரட்டையில் பார்த்தது அதற்குப் பத்து வருடம் முன்னே.

இங்கே எல்லாம் பொன்னும் பூவும் என்று நினைத்துவிடாதே. பல நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் பீசா (PISA) தேர்வில் ஒரு காலத்தில் உலகமே இவர்களைத் திரும்பிப் பார்த்தது, 2006-க்குப் பிறகு மதிப்பெண் இறங்கிக்கொண்டுதான் வருகிறது. வகுப்பில் சத்தம் தாங்கவில்லை என்று பேப்பரில் புலம்புகிறார்கள். போன வருடம் ஆகஸ்டில் பாட நேரத்தில் போனைத் தடுக்கச் சட்டமே கொண்டுவந்தார்கள். குட்டனுக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தடுக்குகிறது, அதனால் தினமும் ராத்திரி சோற்றுக்கு முன்னே நான் ஒப்பிக்க வைக்கிறேன். அதை டீச்சரிடம் சொல்லவில்லை!

உன் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. நாலும் அஞ்சும் ஒரே அறையில், இரண்டு ஆசிரியர்தான், நடுவில் பதிவேடு, ஆப், முட்டைக் கணக்கு. ஒரு பிள்ளை 'ஏன் டீச்சர்' என்று கேட்டால் அதைக் காதில் வாங்கவே நேரம் வேண்டுமே. ஆனால் பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் நீ பாயில் உட்கார்ந்து, அட்டையும் ஏணிப்படியுமாகப் பிள்ளைகளோடு இருந்த போட்டோ என்னிடம் இருக்கிறது. அப்போது உன் முகம் வேறு மாதிரி இருந்தது. அப்புறம், போன மாதம், ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போனீர்களே, பிள்ளைகள் எல்லோரும் 115 அடி உயரம், 1966-இல் கட்டியது என்று ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள் என்றும், ஒருத்தி மட்டும் ஆத்துக்கு மேலே எதுக்கு இன்னொரு தண்ணி என்று கேட்டாள் என்றும் சொன்னாய். அவளுக்கு என்ன பதில் சொன்னாய் என்று நான் கேட்க மறந்துவிட்டேன்.

இப்போது என் காரியம். மார்ச் 20 அல்லது 21, பள்ளிக்கூடம் உள்ள நாளாகப் பார்த்து, ஒரு மீட்டர் கம்பை முற்றத்தில் நடச் சொல். செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். 12:15 முதல் 12:40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் கல் வைக்கட்டும். எது மிகக் குட்டையோ அதுதான் உச்சி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அங்கே 12:28 வாக்கில் வரும். வேடிக்கை என்னவென்றால் இங்கேயும் எங்கள் கடிகாரத்தில் அதே 12:28-தான். நீங்கள் அளந்து மூன்றரை மணி நேரம் கழித்து இவர்கள் அளப்பார்கள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன்: அங்கே 14, 15 செ.மீ. விழும், இங்கே ஒன்றே முக்கால் மீட்டர். நாலாம் வகுப்பு அளந்தால் போதும். அஞ்சாம் வகுப்பு கம்பையும் நிழலையும் பத்தில் ஒன்றாகச் சுருக்கி நோட்டில் வரைந்து, பாகைமானியால் கோணம் எடுக்கட்டும். இரண்டு ஊர்க் கோணத்துக்கும் வித்தியாசம் 52 டிகிரி வாக்கில் வரும். மேகம் போட்டால் கவலை வேண்டாம், ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வேறு எந்த நாளில் அளந்தாலும் இரண்டு ஊரும் ஒரே நாளில் அளந்தால் வித்தியாசம் மாறாது. இரண்டாயிரத்து இருநூறு வருடம் முன்னே எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் இப்படி இரண்டு ஊர் நிழலை வைத்துத்தான் பூமியின் சுற்றளவைக் கணக்குப் போட்டார். அவரிடமும் கம்பும், இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரமும், கணக்கும்தான் இருந்தன.

அளவை ஒரு தாளில் பிள்ளைகளே எழுதி, போட்டோ எடுத்து அனுப்பட்டும். தப்பாக அளந்தாலும் திருத்தாதே. குட்டன் வகுப்பிலிருந்து பதில் வரும், படம் போட்டு. அதை மொழிபெயர்ப்பது என் பாடு.

அவன் வரைந்த படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கிறதே, அது அவனுடைய ஏப்ரல் நிழலாம். ஜூனில் அங்கே நிழல் எந்தப் பக்கம் விழும் என்று இப்போது புதிதாகப் பிடித்துக்கொண்டான். தெற்கே விழும் என்று எனக்குத் தெரியும், இன்னும் சொல்லவில்லை. பள்ளி திறந்ததும் உன் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை அவன் போனில் எவ்வளவு கெஞ்சினாலும் நீ வாயைத் திறந்துவிடாதே.

அன்புடன்,
உன் தங்கச்சி