அந்த நாலு மணி நேரம்

கோப்ளென்ஸ்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததில் நிம்மதி. பொன்னி பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்த கையோடு மே மாதத்தில் ஐந்து பேரும் இங்கே வருவதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு, நல்ல மாதம். ஆனால் கூட வைத்திருந்த திட்டத்தை, அதாவது சுவிட்சர்லாந்தின் பாசலில் ரைன் நதிக் கப்பல் ஏறி ஏழு இரவில் ஆம்ஸ்டர்டாம், அங்கே கார் எடுத்து ஆறு நாள் சுற்றல் என்பதை, அப்படியே பதிவு செய்துவிடாதே. காரணத்தைச் சொல்கிறேன்.

ரைன் நதி என்றதும் நீ மனசில் பார்க்கிற கோட்டைகளும் திராட்சைச் சரிவுகளும் முழு நதியிலும் இல்லை. பாசலிலிருந்து இஃபெத்ஸ்ஹைம் வரை 10 லாக்குகள். தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோகும் கான்கிரீட் தொட்டிகள் அவை. பெரும்பாலும் இரவில்தான் கடப்பார்கள். ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி ஈரச் சுவர் மேலே எழும்புவது மட்டும்தான் தெரியும். அந்தப் பகுதியில் முதல் நாலு லாக்குகள் இருப்பது ஆறே இல்லை, பக்கத்தில் வெட்டிய கால்வாய். கீழே கொலோனைத் தாண்டினால் சமவெளி, ஆலைகள், டூயிஸ்பூர்க் துறைமுகம். நீ தேடி வருவது பிங்கனுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே மலையைக் குடைந்து நதி ஓடும் 65 கிலோமீட்டர். 2002-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் இந்தத் துண்டுதான். ஓட்டத்தோடு வந்தால் ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். எதிர் ஓட்டத்தில் ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும்.

ஆகையால் கப்பல் டிக்கெட் விற்பவரிடம் முதல் கேள்வியாக இதைக் கேள்: ரூடஸ்ஹைமுக்கும் (பிங்கனுக்கு எதிர்க்கரை ஊர்) கோப்ளென்ஸுக்கும் நடுவே கப்பல் எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓடும்? "பகலில்தான்" என்ற பதில் போதாது, மணி வேண்டும். அதிகாலை ஐந்துக்குப் புறப்பட்டு எட்டரைக்குத் தாண்டிவிடும் கப்பலும் பகலில் தாண்டிய கணக்குத்தான்.

என் யோசனை இது. கொலோனில் ஏறி, மேல்நோக்கி ரூடஸ்ஹைம் அல்லது மைன்ஸ் வரை போய், திரும்பக் கொலோனுக்கே வருகிற நாலு இரவுப் பயணம் ஒன்றைத் தேடு. பள்ளத்தாக்கை இரண்டு திசையிலும் பார்க்கலாம். மேல்நோக்கிப் போகும்போது கப்பல் மெதுவாக ஊர்வதால் பார்வைக்கு அதுதான் உயர்வு. விமானத்தில் பிராங்க்பர்ட் வந்து இறங்கினால் கொலோனுக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். பயணம் முழுக்க ஒரே நாடு என்பதால் விசா, கார், இன்சூரன்ஸ் எல்லாமே எளிதாகிவிடும்.

இனி தண்ணீர். ஐந்து மாதம் முன்னால் பணம் கட்டுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இஃபெத்ஸ்ஹைமுக்குக் கீழே கடல் பக்கம் போகும் வரை ரைனில் அணையோ லாக்கோ கிடையாது. தண்ணீரைத் தேக்கி வைக்க வழியில்லை. ஆல்ப்ஸ் பனி உருகுவதால் மே, ஜூனில் வரத்து நன்றாக இருக்கும். ஆகஸ்டு முடிவிலிருந்து அக்டோபர் வரை மழை பொய்த்தால் மட்டம் சரியும். எல்லோரும் பார்க்கிற அளவுகோல் கௌப் என்ற சிற்றூரில் இருக்கிறது, ஏனென்றால் நடு ரைனில் மிக ஆழம் குறைந்த இடம் அந்தப் பக்கம்தான்.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள். அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் தரையில் இல்லை. கௌப் 78 செ.மீ. காட்டினால் கப்பல் போகும் தடத்தில் ஏறத்தாழ 1.90 மீட்டர் ஆழம் இருக்கிறது என்று பொருள். காட்டும் எண்ணோடு ஒரு மீட்டர் 12 செ.மீ. கூட்டிக்கொள், அவ்வளவுதான். 40 காட்டினால் ஒன்றரை மீட்டர். பயணக் கப்பலின் அடிப்பாகம் நீருக்குள் கிட்டத்தட்ட அவ்வளவு இறங்கும். சரக்குக் கப்பல் பாதிப் பாரத்தை இறக்கிவிட்டு மிதந்து போய்விடும். பயணக் கப்பலில் இறக்க என்ன இருக்கிறது? 2018 அக்டோபரில் கௌப் 25 செ.மீ. வரை போனது. அந்த நிலையில் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அடுத்த ஊரில் வேறு கப்பலில் சேர்ப்பார்கள், அல்லது கப்பலைக் கட்டிப்போட்டு ஓட்டலாக நடத்துவார்கள். பணம் திரும்ப வராது என்று ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வெள்ளத்துக்கும் ஒரு கோடு உண்டு. கௌப்பில் 4.60 மீட்டரைத் தாண்டினால் வேகத்துக்கும் தடத்துக்கும் கட்டுப்பாடு, 6.40 ஆனால் போக்குவரத்தே நின்றுவிடும். மே மாதத்தில் இரண்டு ஆபத்தும் குறைவு. அதனால்தான் உன் மாதத்தை மாற்றாதே என்கிறேன்.

அறை விஷயத்தில் அம்மாவை நினைத்துத் தேர்ந்தெடு. பெரிய கப்பல்கள் 110 அல்லது 135 மீட்டர் நீளம், பதினொன்றரை மீட்டர் அகலம், மூன்று தளம். கீழ்த்தளம் விலை குறைவு, ஆனால் ஜன்னல் திறக்காது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். பல கப்பல்களில் லிஃப்ட் அங்கே இறங்காது. மொட்டைத்தளத்துக்கும் படிதான். ஆகையால் நடுத்தளம், அதிலும் நீளவாக்கில் நடுப்பகுதி. பின்கோடியில் இஞ்சின் அதிர்வு. முன்கோடியில், கரையில் கட்டும் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் தள்ளும் மோட்டாரின் உறுமல், அதுவும் நடு ராத்திரியில். மூன்று பேர் படுக்கிற அறை அரிது. உங்களுக்கு இரண்டு அறையும் ஒரு தனி அறையும் தேவைப்படலாம். சில கம்பெனிகள் சின்னப் பிள்ளைகளை ஏற்பதே இல்லை, கதிருக்கு ஒன்பது வயது என்பதை முதலிலேயே சொல்லிவிடு.

இன்னொன்று. துறையில் இடம் போதாமல் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள். அப்போது உங்கள் ஜன்னலுக்கு நேரே அடுத்த கப்பலின் ஜன்னல் இருக்கும். கரைக்குப் போக அந்தக் கப்பலின் வரவேற்பறை வழியாகவோ, மொட்டைத்தளத்தில் ஏறி இறங்கியோ போகவேண்டும். நதியின் மட்டத்தைப் பொறுத்து நடைபலகையின் சரிவும் மாறும். அம்மாவுக்கு ஒரு மடக்குக் கைத்தடி கொண்டு வா.

சாப்பாட்டுக்கு "சைவம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மீன் வரும். இறைச்சி, மீன், கோழி, முட்டை, எலும்புச் சாறு, ஜெலட்டின் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஒரு மாதம் முன்னாலேயே எழுது. காய்கறி சூப்பின் அடியில் எலும்புச் சாறு இருப்பது இங்கே சாதாரணம். மே மாதம் வெள்ளை அஸ்பாரகஸ் பருவம், ஜூன் 24 வரை எல்லா உணவகத்திலும் உருளைக்கிழங்கோடு அதுதான் பெருமை. அதன் மேல் ஊற்றும் மஞ்சள் சாஸில் முட்டை இருக்கிறது. உருக்கிய வெண்ணெய் கேட்டு வாங்கினால் அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டுவரலாம். நெய், பால்கோவா, தயிர் மோர் மிளகாய் எதுவும் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து பால் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் எடுக்காதே. அறையில் குக்கர், கெட்டில் சொருக விடமாட்டார்கள், தீப் பயம்.

பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் பிள்ளைகளை மொட்டைத்தளத்துக்குக் கூட்டிப்போ. கரையில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எண்கள் வரும். கான்ஸ்டன்ஸ் பாலத்திலிருந்து கணக்கிட்ட கிலோமீட்டர் அது. கீழ்நோக்கி வந்தால் 530 சுமாருக்குப் பிங்கன், 546 கௌப், 554 லோரலை, 592 நம்ம கோப்ளென்ஸ். கௌப்பில் ஆற்றின் நடுவே கப்பல் போலவே நிற்கும் சின்ன வெள்ளைக் கோட்டை சுங்கம் வசூலிக்கக் கட்டியது. லோரலை பாறை 132 மீட்டர், அங்கே நதி குறுகி வளைவதால் எதிரே வருவது தெரியாது. ஆகையால் ஓபர்வேசலிலிருந்து சாங்க்ட் கோவார் வரை கரையில் விளக்குப் பலகைகள் இருக்கும். ஒளிக்கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதைப் பார்த்து, வளைவுக்கு அப்பால் என்ன இறங்கி வருகிறது என்று மேலேறும் மாலுமி அறிந்துகொள்வார். கதிருக்கு இன்னொன்று காட்டு: மேல்நோக்கிப் போகும் கப்பலின் வலது பக்கத்தில் ஒரு நீலப் பலகை எழும்பி, நடுவில் வெள்ளை விளக்கு மின்னும். "வழக்கமான பக்கத்தில் வேண்டாம், வலப்பக்கமாகக் கடந்து போ" என்று எதிர்க்கப்பலுக்குச் சொல்வது அது. பக்கத்தைத் தீர்மானிக்கும் உரிமை ஓட்டத்தை எதிர்த்துப் போகிறவருக்கு. எதிர்க்கப்பலும் உடனே தன் நீலப் பலகையைத் தூக்கிச் சம்மதம் சொல்லும். அந்தப் பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் நாலு மணி நேரம் போவதே தெரியாது.

கோட்டைகள் இரு கரையிலும் இருக்கின்றன, அதனால் எந்தப் பக்கத்து அறை என்று கவலைப்படாதே. உள்ளே போய்ப் பார்க்க ஒன்றே ஒன்று என்றால் பிரவ்பாகிலுள்ள மார்க்ஸ்பூர்க். நடு ரைனின் மலைக்கோட்டைகளில் ஒருமுறைகூட இடிபடாதது அது. ஆனால் உள்ளே பாறையிலேயே செதுக்கிய கரடுமுரடான படிகள், அம்மாவுக்கு ஆகாது. அன்று அவரை வசந்தியோடு கீழே ஊரில் உட்காரவை. ரூடஸ்ஹைமில் திராட்சைத் தோட்டத்தின் மேல் போகும் கம்பிவட வண்டி அவருக்குப் பிடிக்கும், ஒரு வண்டியில் இருவர்.

கார் பகுதிக்கு வருகிறேன். கொலோன் நெரிசலில் முதல் முறையாக வலப்பக்கம் ஓட்டிப் பழகாதே. ரயிலில் கோப்ளென்ஸ் வந்து இங்கே எடு, பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் விடு. ஒரே நாட்டுக்குள் ஊர் மாற்றி விட்டால் கட்டணம் சிறிது. நாடு மாற்றி விட்டால் பல நாள் வாடகை அளவுக்கு ஏறிவிடும். வார நாளாகப் பார்த்துக்கொள், ஞாயிறன்று இங்கே கடைகளோடு கார் அலுவலகமும் மூடியிருக்கும். ஐந்து பேர் என்று ஏழு சீட் வண்டி கேட்டால் பின்வரிசையை மடக்கித்தான் பெட்டி வைக்கமுடியும். உங்களுக்கு அது சரிவரும், ஆனால் இரண்டு பெரிய பெட்டி, மூன்று கைப்பெட்டிக்கு மேல் வேண்டாம். ஆட்டோமேட்டிக் என்று தனியாகக் குறிப்பிடு. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. உன் லைசென்ஸோடு ஆர்டிஓ தரும் சர்வதேச அனுமதியும் கையில் இருக்கட்டும், அது ஒரு வருஷம்தான் செல்லும். 12 வயதுக்குள், 150 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு உயர இருக்கை கட்டாயம், கதிருக்குச் சேர்த்துப் பதிவு செய்.

ஓட்டும்போது நம்மவர்கள் தடுமாறுவது நெடுஞ்சாலையில் இல்லை, ஊருக்குள்தான். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முதல் உரிமை, அது சந்தாக இருந்தாலும். பெரிய ரோட்டில் வருகிறோம் என்று நேரே போனால் மோதல், தப்பு உன் பேரில். நிறுத்தும் இடத்தில் நீல அட்டைக் கடிகாரப் படம் இருந்தால், காரிலுள்ள அட்டையில் வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணியைக் காட்டி முன்கண்ணாடிக்குள் வைக்கவேண்டும். 10.10-க்கு வந்தால் 10.30. நெடுஞ்சாலையில் வண்டிகள் தேங்கினால் இடது ஓரத் தடத்தில் இருப்பவர் இடதுக்கும் மற்றவர்கள் வலதுக்கும் ஒதுங்கி, நடுவே ஆம்புலன்ஸுக்கு வழி விடவேண்டும். அது வந்த பிறகு இல்லை, வண்டிகள் தேங்கும்போதே.

ரைன் ஓரம் இடக்கரையில் பி9 சாலை, வலக்கரையில் பி42. மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் நடுவே பாலமே கிடையாது, கார் ஏற்றும் படகுதான். மாலையில் நின்றுவிடும், கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே பார்த்துக்கொள். இரு கரையிலும் ரயில் பாதை, சரக்கு ரயில் விடிய விடிய ஓடும். ஆற்றைப் பார்த்த அறை என்று ஆசைப்பட்டால் தூக்கம் போகும், பின்பக்க அறை கேள்.

ஆகையால் இரவு தங்க, கோப்ளென்ஸில் ரைனோடு சேரும் மோசல் நதியின் பள்ளத்தாக்கே மேல். கோகெமில் மூன்று இரவு, ட்ரியரில் இரண்டு. மோசலில் 1964 முதல் தடுப்பணைகளும் லாக்குகளும் மட்டத்தைக் கட்டிக் காப்பதால் வறட்சியிலும் படகு ஓடும். ரைன் வற்றினாலும் பிள்ளைகளுக்குப் படகுப் பயணம் தவறாது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. 2024 டிசம்பரில் மியூடனில் ஒரு சரக்குக் கப்பல் லாக் கதவில் மோதியதும் மேலே இருந்த கப்பல்கள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. எல்ட்ஸ் கோட்டைக்குக் காலை முதல் ஆளாகப் போ, நிறுத்துமிடத்திலிருந்து அம்மாவுக்குச் சிற்றுந்து இருக்கிறது. ட்ரியரில் ரோமர் காலத்துக் கறுப்பு வாயில், நகரின் நடுவே, நடந்தே பார்க்கலாம்.

விசா சுருக்கமாக. அதிக இரவு தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்கவேண்டும், இங்கே சந்தேகமின்றி ஜெர்மனி. கப்பலில் எந்த இரவு எந்த ஊர் என்று கம்பெனியிடம் தாளில் வாங்கி இணை, அது இல்லாமல்தான் பலர் திணறுகிறார்கள். ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம், மே மாதத்துக்கு ஜனவரியிலேயே முன்பதிவு பார். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. 70 தாண்டியவர்களுக்குச் சில பாலிசியில் தொகை குறைந்துவிடும், அம்மாவுடையதைத் தனியாகப் படித்துப் பார்.

கப்பல்காரர்கள் அனுப்பும் கால அட்டவணையை எனக்குப் படமெடுத்து அனுப்பு, பணம் கட்டுவதற்கு முன்னால். 530-லிருந்து 592 வரை எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். வசந்திக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
பாஸ்கர்