மின்சாரக் கார்: பேட்டரியைக் குறை சொல்லும் முன்

ஆசிரியருக்கு வணக்கம். ரேஞ்ச், அதாவது ஒருமுறை முழு சார்ஜில் ஓடும் தூரம், கொஞ்சம் குறைந்தாலே பேட்டரி போய்விட்டது என்று பலர் பதறுகிறார்கள், சர்வீஸ் சென்டரிலும் பொறுமையாக விளக்க ஆளில்லை. முதலில் டயர் காற்றைப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் விரட்டினால் எதிர்காற்றே சார்ஜைத் தின்றுவிடும். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரியா? கையேட்டில் சொன்னபடி அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றாவிட்டால் திரை காட்டும் சார்ஜ் கணக்கே தப்பாகும். வீட்டில் சார்ஜ் ஏறாமல் அடிக்கடி நின்றால் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், எர்த் இல்லாத பிளக்கில் எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. அப்புறம், டிசி எனும் வேக சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாக ஏறுவது பழுதல்ல, பேட்டரியைக் காப்பதற்காக. இதையெல்லாம் விற்கும்போதே தமிழில் எழுதிக் கொடுக்க ஷோரூம்களை அரசு கட்டாயப்படுத்த வேண்டும்.

- ஒரு வாசகர், சேலம்