ஆக்கர் கடைக்கு ஏற்றும் முன்

குமரி மாவட்டத்தில் வீடியோ கேம் கடை நடத்திய அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். வடசேரியிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் நீங்கள் கடையை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. சில வீடியோ கேம் பெட்டிகள் இன்னும் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில், உரச்சாக்குக்கும் தென்னை மட்டைக்கும் நடுவே நிற்கின்றன. போன மாதம் ஒருவர் அப்படி ஒன்றை ஆக்கர் கடையில் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் செம்புக்காகப் படக்குழாயின் கழுத்தை முறித்திருந்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுமே, எங்கள் காசைச் சீக்கிரம் கரைக்க நீங்கள் உள்ளே எதையோ முடுக்குகிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தோம். பாவம், பழி உங்களுக்கு. 1978இல் நிஷிகாடோ அதை உருவாக்கியபோது, திரையில் வரைய வேண்டிய எதிரிகள் குறைந்தால் இயந்திரம் தானாக விரைந்தது. ஆட்டம் சூடுபிடிக்கிறதே என்று அவரும் அப்படியே விட்டுவிட்டார். நூல் கட்டிய ஒரு ரூபாயை உள்ளே இறக்கி ஏமாற்றப் பார்த்ததையும் மன்னியுங்கள். அது ஒருமுறைகூடப் பலிக்கவில்லை.

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வீட்டில் தந்த காசெல்லாம் முஸ்தபா ஆட்டத்துக்கே போனது. 1993இல் அதற்குக் கேப்காம் நிறுவனம் வைத்த பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். நம்மில் யார் அப்படிச் சொன்னோம்? மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபா யாருக்கு என்பதில்தான் பாதிச் சண்டை. தோற்றவன் மற்ற மூவரில் ஒருவரை எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பான்.

பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள் என்று ஊர் உங்களை ஏசியது. நியூயார்க் நகரமும் 1942 முதல் 1976 வரை பின்பால் என்ற, குண்டைத் தட்டி ஆடும் இயந்திர ஆட்டத்தைத் தடை செய்துதான் வைத்திருந்தது. அதே நகரத்தின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் பேக்-மேன் வீடியோ கேமைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

இனி வேலைக்கு வருகிறேன். பெட்டியைத் திறந்தால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில் மின்கலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கசிந்தால் செம்புத் தடங்களை அரித்துவிடும். ஆனால் அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள்: கேப்காமின் சிபிஎஸ்-2 போன்ற பலகைகளில் ஆட்டத்தைத் திறக்கும் குறியீடு அந்த மின்கலத்தின் தயவில்தான் நிற்கிறது, மின்கலத்தின் மின்சாரம் அற்றால் குறியீடும் அழிந்துபோகும். குளச்சல், முட்டம் பக்கத்தவர்கள் உப்புக்காற்று படாத அறைக்குப் பெட்டியை மாற்றுங்கள். படக்குழாயின் பின்புறம் கை வைக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இடம் அடைக்கிறது, விற்றே ஆக வேண்டும் என்றால், ஆக்கர் கடைக்காரர் எடை போட்டுச் சொல்லும் தொகைக்கு மேல் ஐந்நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன். வண்டி வாடகையும் சுமைக்கூலியும் என்னுடையவை. ஓடாத பெட்டியானாலும் சரி. உள்ளே சிக்கிய நாணயம் ஏதாவது இருந்தால் அது உங்களுக்கே.

இப்படிக்கு,
முஸ்தபா கிடைக்காமல் பலநாள் அழுத ஒருவன்