அரக்கனைவிட எட்டுப் பொடியன்கள் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பலகை விளையாட்டுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஆடுபுலி ஆட்டம், பல்லாங்குழி பற்றியெல்லாம் ஆசையாக எழுதிவிட்டு, டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) மாதிரியான விளையாட்டுகளை மட்டும் பகடை உருட்டி அரக்கனை அடிக்கிற சமாச்சாரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். கோபமெல்லாம் இல்லை. ஆறு வருடமாக மொட்டைமாடியில் நண்பர்களை உட்காரவைத்து இதை நடத்துகிறவன் நான். அந்த அரக்கனை அடிக்கிற சண்டையை ஏற்பாடு செய்வதில் எவ்வளவு தலைவலி இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த விளையாட்டு இது. இருவரும் அதற்குமுன் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் விளையாடியவர்கள். படைக்குப் பதிலாக ஒரே ஆள், அவனுக்கென்று ஒரு பெயர், ஒரு கதை என்று ஆக்கியதுதான் புதுசு. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள், கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் எதிரிகள் எல்லாரையும் ஆடுவார். கடைசியில் தோற்கப்போகிறவர் அவர்தான், ஆனால் சுலபமாகத் தோற்றுவிட்டால் மேசையில் எல்லாரும் கொட்டாவி விடுவார்கள்.

நான் நடத்த ஆரம்பித்த புதிதில், நான்கு பேர், எல்லாரும் இரண்டாம் லெவல், அதாவது கிட்டத்தட்ட ஆரம்பநிலை, அவர்களுக்கு எதிரே ஓகர் ஒன்றை நிறுத்தினேன். ஆளுயரத்தைவிடப் பெரிய அரக்கன், 59 ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு), கதாயுதத்தால் ஓர் அடி கொடுத்தால் எதிராளிக்கு அதில் சராசரியாக 13 போகும். அதன் வாய்நாற்றம் வரைக்கும் வர்ணித்து வைத்திருந்தேன். மூன்றாவது ரவுண்டில் விழுந்துவிட்டது. அது அடித்ததே இரண்டு தடவை, அதில் ஒன்று படவில்லை.

அடுத்த வாரம் ஒரு சுரங்கத்தில் எட்டு கோபோல்டுகளை வைத்தேன். இடுப்புயரம்கூட இருக்காத பொடியன்கள், ஒவ்வொன்றுக்கும் வெறும் 5 ஹிட் பாயின்ட். சும்மா வழியில் ஒரு தொந்தரவாக இருக்கட்டும் என்று நினைத்ததுதான். அரைமணி நேரத்தில் இரண்டு பேர் நினைவிழந்து கிடக்கிறார்கள், மற்ற இருவரும் அவர்களை இழுத்துக்கொண்டு பின்வாங்குகிறார்கள், எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், விதிப்புத்தகத்தின் 2014 பதிப்புக் கணக்குப்படி இரண்டும் ஒரே தரம். எதிரியை வீழ்த்தினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிதான் அளவுகோல், ஓகருக்கு 450. கோபோல்டுக்கு 25 வீதம் எட்டுக்கு 200, கூட்டமாக வருவதால் அதை இரண்டரையால் பெருக்கினால் 500. இரண்டாம் லெவல் ஆட்கள் நான்கு பேருக்கு 400க்கு மேல் 600க்குள் என்றால் 'மீடியம்' சண்டை. (2024 பதிப்பில் அந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டார்கள், எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை.)

கட்டுரையாளருக்குப் பிடித்த ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிப் பக்கம் ஒரு காய் நகர்ந்தால் ஆட்டுப் பக்கமும் ஒரு காய்தான் நகரும், அதனால்தான் மூன்றே புலியை வைத்துக்கொண்டு சமாளிக்க முடிகிறது. ஒரே முறையில் பதினைந்து ஆடும் நகரலாம் என்று விதியை மாற்றிப் பாருங்கள், புலி நாலு முறைகூடத் தாங்காது. டி அண்ட் டி-யில் விதி அதுதான், ஒரு ரவுண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு டர்ன். ஓகர் ஒரு தடவை அடிப்பதற்குள் அதன்மேல் நாலு அடி விழுகிறது, எட்டு கோபோல்டுகளோ நாலு அடி வாங்குவதற்குள் எட்டு அடி அடிக்கின்றன. டிராகன் மாதிரி தனியாக நிற்கும் பெரிய எதிரிகளுக்கு, மற்றவர்களின் டர்ன் முடிகிற இடத்தில் நுழைந்து செய்யக்கூடிய 'லெஜண்டரி ஆக்‌ஷன்' என்று ஒரு ரவுண்டுக்கு மூன்று கொடுத்திருப்பது இதைச் சரிக்கட்டத்தான்.

ஆனால் அது மட்டும் காரணமில்லை. அதே எட்டையும் பட்டப்பகலில் வெட்டவெளியில் நிறுத்தியிருந்தால் கதை வேறு. வெயிலில் அவற்றுக்குக் கண் கூசும், குறி தப்பும், மந்திரவாதி ஒரு தீ மந்திரம் போட்டால் நாலைந்து ஒரே வீச்சில் காலி. என் சுரங்கத்திலோ ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போகமுடியும். இரண்டு கோபோல்டுகள் முன்னால் மறிக்க, மற்றவை சுவரிலிருந்த பொந்துகளிலிருந்து கவண்கல் எறிந்தன. அடிவாங்குகிற ஆளுக்குப் பக்கத்தில் தன் கூட்டாளி ஒருவன் நின்றால், அடி படுமா என்று பார்க்க இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி வேறு அவற்றுக்கு உண்டு. இந்த விளையாட்டுக்காரர்களுக்கென்று வந்த டிராகன் பத்திரிகையின் 127ஆம் இதழில், 1987இல், ரோஜர் மூர் இதைப் பற்றி ஒரு தலையங்கமே எழுதியிருக்கிறார். டக்கர் என்பவர் நடத்திய ஆட்டத்தில் பெரிய லெவல் வீரர்களையே கோபோல்டுகள் நெருப்பையும் குறுகிய வழிகளையும் வைத்து ஓட ஓட விரட்டிய கதை அது. அதை நான் முன்கூட்டியே படித்திருந்தால் அன்றைக்கு அந்தப் பொந்துகளை வரைந்திருக்கமாட்டேன்.

அப்புறம் அன்றைக்கு எப்படித் தப்பித்தோம் என்று சொல்லவில்லையே. கல்லெறி நடுவில் யோசித்தேன், இந்தப் பொடியன்களுக்கு உண்மையில் என்னதான் வேண்டும்? நாலு பேரைக் கொன்று என்ன செய்யப்போகின்றன? 1981இல் வந்த பேசிக் விதிகளில் 'மொரேல்' (மனத்திடம்) என்று ஒன்று இருந்தது, கூட்டத்தில் முதல் ஆள் செத்தவுடனும் பாதிப் பேர் போனவுடனும் இரண்டு பகடை உருட்டிப் பார்க்கவேண்டும், கோபோல்டுக்கு 6ஐத் தாண்டினால் ஓட்டம்தான். இன்றைய ஆட்டங்களில் பெரும்பாலோர் இதை மறந்துவிட்டு எதிரியைக் கடைசிச் சொட்டு ரத்தம் வரை நிற்கவைக்கிறார்கள், சண்டை ஒரு மணி நேரம் இழுக்கிறது. என் கோபோல்டுகளில் மூன்று செத்திருந்தன. சரி என்று மிச்ச ஐந்தையும் திருப்பி ஓடவிட்டேன், போகிற போக்கில் வாசலில் கட்டியிருந்த சாப்பாட்டு மூட்டைக் கழுதையை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டன. அவை வந்ததே அதற்குத்தான் என்று சும்மா கதை விட்டேன்.

ஓகரைக் கொன்றது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. கழுதையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை முதலில் பிரிக்கும் ஒரு வாசகர்,
மதுரை