பித்தளைக் குழாயும் உங்கள் வீட்டுக்காரரும்

அன்புள்ள ஆன் அக்காவுக்கு,

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசர். போன வருஷம் கம்பெனி அனுமதி கொடுத்ததால் இரண்டு மாதம் நானும் அவரோடு கப்பலில் இருந்தேன். ஒரு சாயங்காலம், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்கு மேலே உள்ள மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். மங்கி ஐலண்ட் என்பார்கள். அங்கே இடுப்புயரத்துக்கு ஒரு பீடம், அதன் தலையில் காந்தத் திசைகாட்டி. பீடத்தை ஒட்டிச் செங்குத்தாக ஒரு பித்தளைக் குழாய், உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. "இதுக்குப் பேரு பிளிண்டர்ஸ் பார். உள்ளே இரும்புத் துண்டு இருக்கும்" என்றார். கப்பலின் இரும்பே திசைகாட்டி முள்ளை இழுத்துத் தப்புக் காட்ட வைக்குமாம். அந்த இழுப்பைச் சரிக்கட்டத்தான் இந்த இரும்பு.

"பிளிண்டர்ஸ் யாரு?" என்றேன்.

"யாரோ பழைய கேப்டன்."

சரி, ஊருக்கு வந்தபிறகு தேடிப் படித்தேன். இங்கிலாந்துக் கடற்படைக்காரர் மேத்யூ பிளிண்டர்ஸைத் தேடப்போய், அவர் மனைவியான உங்களிடம் வந்து நின்றுவிட்டேன்.

1801 ஏப்ரலில் உங்கள் கல்யாணம். ஆஸ்திரேலியக் கரையை முழுக்க அளக்கக் கிளம்பவிருந்த 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் உங்களையும் சத்தமில்லாமல் சிட்னிக்குக் கூட்டிப்போய்விடுவது என்று மேத்யூ திட்டம் போட்டிருந்தார். கடற்படைப் பெரியவர்கள் கப்பலைப் பார்க்க வந்தபோது நீங்கள் கேப்டன் அறையில், தலையில் தொப்பிகூட இல்லாமல், சொந்த வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தீர்களாம். அதுதான் அவர்கள் கண்ணை உறுத்தியது என்கிறார்கள். மனைவியா, பயணமா என்ற நிலை வந்ததும் மேத்யூ பயணத்தைப் பிடித்துக்கொண்டார். ஜூலை 18 அன்று கப்பல் கிளம்பியது. கல்யாணமாகி மூன்று மாதம்.

1798இல் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே பாஸ் நீரிணையில் ஒரு குன்றுக்கு உங்கள் பிறந்த வீட்டுப் பேரான சாப்பெல் என்பதைச் சூட்டியவர்தான் இவர். தன் பேரை மட்டும் எங்கேயும் வைத்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று உண்டு. உங்களுக்குக் கிடைக்காத இடம் டிரிமுக்குக் கிடைத்தது. நடுக்கடலில் பிறந்த பூனை! அது அவரோடு ஆஸ்திரேலியாவையே சுற்றி வந்தது. பின்னால் அது காணாமல் போனபோது அதற்காக உருகி உருகி ஒரு கட்டுரையே எழுதினார். பூனைகள் எனக்கும் பிடிக்கும். இருந்தாலும்.

1803 ஜூனில் அந்தச் சுற்று முடிந்தது. கூடவே பங்காரி என்ற பூர்வகுடிக்காரர் போயிருந்தார். புதுக் கரைகளில் ஆயுதமில்லாமல் முதலில் இறங்கி, அங்குள்ளவர்களோடு பழக்கம் பிடித்தவர் அவர்தான். வரைபடத்தின் பாதிப் பெருமை அவருக்குச் சேர வேண்டும் என்பேன்.

இன்வெஸ்டிகேட்டரின் பலகைகள் உளுத்துப்போனதால் வேறு கப்பலில் ஊர் திரும்பக் கிளம்பினார். அது பவளப்பாறையில் மோதி உடைந்தது. திறந்த படகில் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் போய் சிட்னியிலிருந்து உதவி கொண்டுவந்தார். அப்புறம் 29 டன் கொள்ளளவுள்ள 'கம்பர்லாண்ட்' என்ற சின்னக் கப்பலில் கிளம்பி, அது ஒழுகியதால் 1803 டிசம்பரில் மொரீஷியஸில் ஒதுங்கினார். அது அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில். இங்கிலாந்தோடு மறுபடி சண்டை மூண்டிருந்தது அவருக்குத் தெரியாது. கையிலிருந்த பிரெஞ்சு அனுமதிச் சீட்டிலோ வேறு கப்பலின் பேர்.

ஆளுநர் டெகான் சந்தேகப்பட்டுக் கடுமையாகப் பேசினார். மறுபடி சாப்பாட்டுக்கு அழைத்தும் பார்த்தார். உங்கள் வீட்டுக்காரர் ரோஷத்தில் வர முடியாது என்று சொல்லிவிட்டார். அக்கா, இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். போய் ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் சீக்கிரம் விட்டிருப்பாரோ என்னவோ! ஆறரை வருஷம் அந்தத் தீவிலேயே கிடந்தார். 1806இல் நெப்போலியனே விடுதலைக்கு ஒப்புக்கொண்டும் டெகான் 1810 வரை விடவில்லை. திசைகாட்டி முள் ஏன் விலகுகிறது என்ற அவருடைய ஆய்வு 1805இல் லண்டனில் வெளியானபோதுகூட அவர் அங்கே கைதிதான்.

நீங்கள் ஒன்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தீர்கள். எங்களுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழ ஒரு நாள் தாமதமானாலே வயிறு கலங்குகிறது.

வந்தவரும் உங்களோடு இருந்தது நாலு வருஷம்கூட இல்லை. அதிலும் பாதி நேரம் வரைபடமும் கையெழுத்துப் பிரதியுமாக மேசையே கதி. 1812 ஏப்ரல் 1இல் பெண் குழந்தை. 1814 ஜூலை 18இல் அந்தப் பயணத்தைப் பற்றிய அவர் புத்தகம் வெளிவந்தது. நினைவு தப்பிக் கிடந்தவர் மறுநாள் போய்விட்டார். வயது 40. 'ஆஸ்திரேலியா' என்ற பேர்தான் காதுக்கு இனிமை என்று அந்தப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தப் பேர்தான் நிலைத்தது.

அவருக்கு முன்னால் கடல் சுற்றிய கேப்டன் குக்கின் மனைவிக்குக் கொடுத்ததுபோல உங்களுக்கும் பென்ஷன் கேட்டுப் பார்த்தீர்கள், இங்கிலாந்து அசையவில்லை. 1853இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் ஆளுக்கு வருஷம் 100 பவுண்டு என்று அறிவித்தபோது நீங்கள் இறந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. பணம் உங்கள் மகளுக்குப் போய், பேரன் படிப்புக்கு ஆனது. எகிப்தில் பழங்காலச் சின்னங்களைத் தோண்டிப் பேர் வாங்கிய பிளிண்டர்ஸ் பெட்ரி அந்தப் பையன்தான்.

2019இல் லண்டனில் ரயில் பாதைக்காகப் பழைய இடுகாட்டைத் தோண்டியபோது, சவப்பெட்டி மேலிருந்த ஈயத்தகட்டை வைத்து மேத்யூவை அடையாளம் கண்டார்கள். 2024 ஜூலையில் அவர் பிறந்த டோனிங்டன் ஊரிலேயே மறுபடி அடக்கம் செய்தார்கள். அந்த இடுகாட்டுப் பக்கம், யூஸ்டன் ஸ்டேஷனில் அவருக்குச் சிலையும் உண்டு. குனிந்து வரைபடம் பார்க்கிறார். பக்கத்தில் டிரிம். பாருங்கள், அங்கேயும் பூனைதான்.

அடுத்த மாதம் என் வீட்டுக்காரர் மறுபடி கப்பலேறுகிறார். இந்தத் தடவை எனக்கு அனுமதி இல்லை. மேலே போய் அந்தக் குழாய்க்குப் பாலிஷ் போடச் சொல்லியிருக்கிறேன். கேடட் பையன்கள் யாராவது பிளிண்டர்ஸ் யார் என்று கேட்டால் உங்கள் கதையில் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல்காரர் பெண்சாதி