முழங்கால் போட்டு உட்கார், தம்பி

பூம்பாறை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

"கனடாவில் அல்கோன்குவின் பூங்கா ஏரி ஒன்றில் கேனோப் படகு ஓட்டப் போனேன், அது வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது, எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. 12 வயதில் நான் ஒரு கேனோ கட்டினேன். அந்தப் பெயர் அப்போது தெரியாது, நீளப் பரிசல் என்போம்.

என் பெரியப்பா கொஞ்ச காலம் ஒகேனக்கலில் இருந்து பரிசல் கட்டப் பழகியவர். தாண்டிக்குடிப் பக்கமிருந்து மூங்கில் கொண்டுவந்தார். பிளாச்சாக வகிர்ந்து, ஓடையில் ஊறப்போட்டு, தணலில் வாட்டி வாட்டி வளைத்தோம். அவசரப்பட்டால் படக்கென்று முறியும். நான் 9 பிளாச்சு முறித்தேன், ஒரு அதட்டல் கிடையாது. 10 அடி நீளம், இரண்டரை அடி அகலம். மேலே பழைய கித்தான், அதற்கு மேல் தார்.

கிழங்குக் காட்டுக்குக் கீழே இருந்த குட்டையில் இறக்கினோம். மிதந்தது! மார்கழி உறைபனி விழுந்ததும் தார் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஒகேனக்கல் வெயிலுக்கு நின்ற தார் இந்தக் குளிருக்கு நிற்கவில்லை. பெரியப்பா எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, குங்கிலியத்தை உருக்கி வேப்பெண்ணெய் கலந்து பூசினார். எண்ணெய் சேர்ந்தால் இளக்கம் வரும். உன் பக்கத்துப் பூர்வகுடிகளும் பிர்ச் மரப்பட்டையில் கேனோ கட்டி, ஸ்ப்ரூஸ் மரப் பிசினில் கொழுப்பைக் கலந்துதான் தையலை அடைத்தார்களாம். படித்ததும் பெரியப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர்தான் இல்லையே.

உன் வட்டத்துக்கு வருகிறேன். வலப்பக்கம் துழாவினால் படகின் மூக்கு இடப்பக்கம் திரும்பும், எல்லாருக்கும் அப்படித்தான். துடுப்பு இடுப்பைத் தாண்டும்போது, துடுப்பின் மேல்நுனியைப் பிடித்த கையின் கட்டைவிரல் கீழே பார்க்கிற மாதிரி திருப்பி, தண்ணீரை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளு. தனியாகப் போனால் பின் பலகையில் உட்காராதே. மூக்கு தூக்கிக்கொள்ளும், காற்று பிடித்துச் சுற்றிவிடும். நடுவுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார். எனக்கு இது பிடிபட ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. நீ ஏறியது ஒரே ஒரு மத்தியானம்.

நான் வயசுக்கு வந்ததும் பாட்டி துடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டார். படகு கொட்டகையில் பூண்டு கொட்டி வைக்கிற தொட்டியானது. அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது, தம்பி.

புதன்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போனேன். 1863-இல் கலெக்டர் லெவிஞ்ச் அமைத்த அந்த நட்சத்திர ஏரியில் படகு எடுத்தோம். போகிற திசைக்கு முதுகைக் காட்டித் துடுப்பு வலிக்கிற படகு, எனக்கு அது ஒத்துவரவில்லை. எதிரே வருகிற தண்ணீரைப் பார்க்க வேண்டாமா? ஆனாலும் 36 வருஷம் கழித்துத் தோள் கடுத்தபோது அத்தனை சந்தோஷம். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துடுப்பைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். உனக்கு அது குட்டை. நின்றால் தாடை வரை வர வேண்டும். தரையிலிருந்து உன் தாடைக்கு எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது, நல்ல சில்வர் ஓக் பலகை ஒன்று இருக்கிறது. லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதே.

அம்மா